நம் கைகள் உண்டாக்காத தண்ணீர்

 



இன்று உங்கள் முன் ஒரே ஒரு கேள்வியை வைக்கிறேன். உங்கள் வீட்டு போரில் வருகிற தண்ணீர் யாருடையது?

இடம் என் பெயரில் இருக்கிறது, போர் வண்டிக்குப் பணம் கொடுத்தது நான், மோட்டாருக்குக் கரண்ட் பில் கட்டுவதும் நான், பிறகு தண்ணீர் மட்டும் எப்படி இன்னொருவருடையதாகும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான பேச்சுதான். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சாணார்பட்டிக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில், ஒரு பக்கம் சிறுமலையைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற ஊர் இது. மலை கண்ணுக்குப் பசுமையாகத் தெரியும். ஆனால் நம் காலடியில் இருப்பது கெட்டிப் பாறை. மணல் பூமியில் தண்ணீர் பரவி நிற்பதுபோல இங்கே நிற்காது. மேலே உள்ள உதிர்ந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும் இடுக்குகளிலும்தான் அது தேங்கும். ஒருவர் போட்ட போரில் தண்ணீர் பீறிடும். நாலு வீடு தள்ளிப் போட்டவருக்கு ஆயிரம் அடி போயும் புகைதான் வரும். கடன் வாங்கிப் போட்ட மனிதர் அந்தப் புகையைப் பார்த்தபடி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பாறைக்குள் ஓடுகிற அந்த வெடிப்புக்கு நம் பட்டா எல்லை தெரியாது. என் வீட்டுக்கு அடியில் தொடங்கி அடுத்த வீட்டுக்கு அடியில் அது போகலாம். நான் ஒரு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டால் அவருடைய போரில் மட்டம் இறங்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஓர் ஒன்றியத்தை 'அதிகமாகச் சுரண்டப்பட்டது' என்று வகைப்படுத்தினால், மழை வருடந்தோறும் உள்ளே இறக்கி வைப்பதைவிட நாம் வெளியே எடுப்பது அதிகம் என்று அர்த்தம். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் பல ஒன்றியங்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன.

சூரத்துல் முல்க்கை இரவில் ஓதுகிறவர்கள் அதன் கடைசி வசனத்தை நினைத்துப் பாருங்கள் (67:30). உங்கள் தண்ணீர் பூமிக்குள் ஆழமாகப் போய்விட்டால், ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டு வருபவர் யார் என்று அல்லாஹ் கேட்கிறான். நம் ஊருக்கு இந்த வசனத்துக்குத் தப்ஸீர் தேவையா? அறுபது அடிக் கிணறு வற்றி முந்நூறு அடி போர் ஆனதையும், முந்நூறு அடி எண்ணூறு அடி ஆனதையும் ஒரே ஆயுளில் பார்த்த பெரியவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். மார்க்கம் உங்கள் உரிமையை மறுக்கவில்லை. நீங்கள் எடுத்துக் குடத்திலோ தொட்டியிலோ சேர்த்துவிட்ட தண்ணீர் உங்களுடையது என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. கிணறு தோண்டியவருக்கு அதில் முதல் உரிமை உண்டு என்றும் சொல்கின்றன. ஆனால் தேவைக்கு மிஞ்சியதைத் தாகத்துக்கு மறுக்கக்கூடாது. அந்த இடத்தில் உரிமை முடிந்து பொறுப்பு தொடங்கிவிடுகிறது.

ஸஹீஹுல் புகாரியில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. மறுமையில் அல்லாஹ் பேசாமலும் பார்க்காமலும் விட்டுவிடுகிற மூவரில் ஒருவர், தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைத் தடுத்தவர். உன் கைகள் உண்டாக்காத ஒன்றின் மிச்சத்தை நீ தடுத்தாய், இன்று என் அருளை நான் உனக்குத் தடுக்கிறேன் என்ற கருத்தில் அல்லாஹ் அவரிடம் சொல்வானாம். கைகள் உண்டாக்காத ஒன்று என்ற அந்தச் சொல்லைச் சற்று யோசியுங்கள். போர் போட்டது உங்கள் பணம். குழாய் இறக்கியது கூலியாட்களின் கை. தண்ணீரை அங்கே வைத்தது யார்?

"நான் யாருக்கும் தண்ணீர் இல்லையென்று சொன்னதில்லையே ஹஜ்ரத்" என்பீர்கள். உண்மைதான், குடத்தோடு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்புகிற மக்கள் இல்லை நாம். அந்தக் காலத்தில் மறுப்பவர், கேட்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் மறுத்தார். இன்று அதற்கு வேலையே இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம். மேல் தொட்டி நிரம்பி, சுவர் வழியாக வழிந்து, சாக்கடையில் போய்ச் சேர்கிறது. அடுத்த தெருவில் ஒரு வீட்டுக் குழாயில் காற்று வருகிறது. யாரும் கேட்கவில்லை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் தடுப்பது நடந்து முடிந்துவிட்டது.

கிணறு இருந்த நாளில் எட்டிப் பார்த்தால் தெரியும். எத்தனை படி தெரிகிறது, எத்தனை படி முழுகியிருக்கிறது என்று வீட்டுப் பெண்களுக்கு அத்துப்படி. மட்டம் இறங்கினால் கை தானாகச் சுருங்கும். கயிறு இழுக்கிற கைக்கு வலியும் இருந்தது. போரில் எட்டிப் பார்க்க முடியாது, சுவிட்சைப் போடுகிற விரலும் வலிப்பதில்லை. எனவே முன்பு கண்ணும் கையும் செய்த வேலையை இப்போது தக்வா செய்ய வேண்டியிருக்கிறது.

உளூவில் வீண்விரயம் பற்றிச் சொல்லும்போது, ஓடும் ஆற்றில் இருந்தாலும் விரயம் கூடாது என்ற அறிவிப்பை எல்லோரும் எடுத்துச் சொல்வோம். இப்னு மாஜாவில் உள்ள அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. விரயத்தைக் கண்டிக்க 7:31 வசனமே போதும். ஆனாலும் அந்த அறிவிப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆற்றில் எடுத்த நீர் ஆற்றிலேயே விழுகிறது, யாருக்கும் நட்டமில்லை. அங்கேயே அது குற்றமென்றால், பக்கத்து வீட்டின் பங்கையும் சேர்த்து உறிஞ்சுகிற இடத்தில் நிலை என்ன?

ஹனஃபி ஃபிக்ஹில் ஒரு பாகுபாடு உண்டு. சொந்தத் தண்ணீரில் விரயம் செய்வது மக்ரூஹ். உளூவுக்காக வக்ஃபு செய்யப்பட்ட தண்ணீரில் விரயம் செய்வது ஹராம். ஏனென்றால் அதில் மற்றவர்களின் ஹக்கு இருக்கிறது. பள்ளிவாசல் ஹவ்ழு தண்ணீரை இப்படித்தான் பார்க்கிறோம். வற்றிக்கொண்டிருக்கும் ஒரே பாறை இடுக்கிலிருந்து இருபது வீடுகள் எடுக்கும் தண்ணீர், இந்த இரண்டில் எதற்கு நெருக்கம்? நான் ஃபத்வா சொல்லவில்லை. ஆனால் எனக்கு இரண்டாவதற்கு நெருக்கமாகத்தான் தோன்றுகிறது. இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். அல்லாஹ்வின் ஹக்கில் குறை வைத்தால் தவ்பா செய்யலாம். அடியானின் ஹக்கு என்றால் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். யாருடைய போர் என்னால் வற்றியது என்று எனக்கே தெரியாதபோது, நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. ஒரு வேகனுக்கு ஐம்பதாயிரம் லிட்டர், ஐம்பது வேகன்கள். அவசரத்துக்குக் கொடுத்தது நல்ல காரியம். நம் ஊர் வற்றினால் நமக்கு ரயில் வராது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய முடிந்தவை உங்களுக்குத் தெரியாதவை இல்லை. மேல் தொட்டிக்கு ஒரு ஃப்ளோட் வால்வு. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தால் வீடு துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். உளூச் செய்த தண்ணீரில் இன்னொரு உளூ கூடாதுதான், முருங்கை மரத்துக்கு அந்தச் சட்டம் இல்லை. மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-ல் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய் பல வீடுகளில் இன்னும் சுவரில் இருக்கிறது, கீழே குழி மண் மூடிக் கிடக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய தொள்ளாயிரம் லிட்டர். ஐப்பசி மழைக்கு முன் அந்தக் குழியைத் தூர் வாருங்கள். இவ்வளவு நாள் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கதவைத் தட்ட முடியாதவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் முடித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). முத்து என்பது, கணக்கில் கருத்து வேறுபாடு இருந்தாலும், ஹனஃபி கணக்கில் சுமார் ஒரு லிட்டர். ஒரு ஸாஉ எனக்குப் போதாதே என்று ஒருவர் சொன்னபோது, உம்மைவிட அடர்த்தியான முடியும், உம்மைவிடச் சிறப்பும் உடையவருக்கு அது போதுமாயிருந்தது என்று ஜாபிர் (ரலி) பதில் சொன்னார்கள்.

இன்று அஸருக்குக் குழாயைத் திறக்காமல், ஒரு லிட்டர் சொம்பில் தண்ணீர் எடுத்து உளூச் செய்து பாருங்கள். அடுத்த ஜும்ஆவில் எனக்குச் சொல்லுங்கள். நான் போன வாரம் முயன்றேன். முதல் நாள் இடது கால் மிச்சமிருந்தது.