இரவல் நிலத்தில் பொதுக்கல்வி

மெய்நிகர் உலகம் என்பது கணினித்திரையில் எழுப்பப்படும் இடமாகும். மாணவர் தமக்கென ஓர் உருவைத் தேர்ந்து அதனுள் உலவுகின்றனர், பிறரோடு உரையாடுகின்றனர், பொருள்களையும் ஆக்குகின்றனர். இதன் கற்பித்தல் பயன் குறித்து ஆய்வுகள் பல எழுந்துள்ளன. அறநோக்கில் எழும் வினா வேறு. மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் பொதுப்பள்ளி, தனக்கு உரிமையில்லா நிலத்தில் வகுப்பறை அமைத்தல் தகுமா என்பதே அது.

அமெரிக்காவில் இவ்வினா நிகழ்வாகவே எழுந்தது. லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகைத் திறந்தது. 13 முதல் 17 அகவையினர்க்கெனத் தனி உலகொன்றை 2005இல் அமைத்தது. நியூயார்க் மாநிலத்துச் சஃபர்ன் நடுநிலைப்பள்ளி 2006இல் அங்கு வகுப்புகளைத் தொடங்கியது. பள்ளிகள் பெற்ற ‘தீவு’ என்பது உண்மையில் நிறுவனத்தின் கணினியில் கட்டணத்திற்குக் கிடைத்த இடமே. 2010இல் அவ்விளையோர் உலகை மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. கல்வி அமைப்புகளுக்குரிய பாதிக் கட்டணச் சலுகையும் 2011 சனவரி முதல் இல்லை என்றது.

நிறுவனத்தைப் பழித்தல் பொருந்தாது. வணிகம் தன் நெறியில் இயங்கிற்று. ஒப்பந்தத்தை ஏற்றது பள்ளி, இழந்தவரோ மாணவர்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். கருவும் உரியும் அவற்றைச் சார்ந்தே அமைகின்றன. மெய்நிகர் உலகிலோ அந்த முதற்பொருளே பிறர் உடைமை. நிலம் நீங்கின், மாணவர் எழுப்பிய மாடமும் அங்கு வளர்ந்த கூட்டுறவும் நிற்க இடமின்றிப் போகின்றன.

பாடநூலும் தனியாரிடம் வாங்கப்படுவதன்றோ எனலாம். பதிப்பகம் மூடப்பட்டாலும் வாங்கிய நூல் நூலகத்தில் இருக்கும். வாடகை உலகில் அவ்வுறுதி இல்லை.

இத்தொழில்நுட்பம் பயனற்றதாயின் இழப்பும் சிறிதே. ஆனால் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டீட் குழுவினர் உருவாக்கிய ‘ரிவர் சிட்டி’ வேறுவிதமாகச் சான்று பகர்கிறது. 19ஆம் நூற்றாண்டு நகரொன்றில் மக்கள் ஏன் நோயுறுகின்றனர் என மாணவர் அங்கு ஆராய்ந்தனர். நீராலா, பூச்சியாலா, தொற்றாலா எனக் கருதுகோள் அமைத்துச் சோதித்தனர். வகுப்பறையில் எளிதில் இயலாத பயிற்சி இது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நல்கையில், அதாவது பொதுப்பணத்தில், உருவானது என்பதும் நோக்கத்தக்கது.

மாற்றுவழி இல்லாமலில்லை. 2007இல் தொடங்கிய ஓப்பன்சிமுலேட்டர் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பள்ளி தன் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணமில்லை, பராமரிக்க ஆள் வேண்டும். கருவி வாங்கப் பணம் ஒதுக்கும் அரசுகள் அக்கருவியைக் காக்கப் பணியிடம் ஒதுக்கத் தயங்குகின்றன. பள்ளிகளைப் பிறர் நிலத்திற்கு அனுப்புவதில் இத்தயக்கத்திற்கும் பங்குண்டு.