குடியிருப்பவரின் வினையும் உடையவரின் பங்கும்

வாடகைக்கு விடுவோர் குடித்தனக்காரரை நல்லவர், கெட்டவர் என்று பிரித்துப் பேசும்போது இருவேறு குற்றங்களை ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர். வாடகையை நிறுத்திவைத்தல், கட்டடத்தைச் சேதப்படுத்துதல், உள்வாடகைக்கு விடுதல், காலி செய்ய மறுத்தல் ஆகியவை உடையவருக்கு எதிரான குற்றங்கள். மாதம் பிறந்ததும் வாடகையைத் தவறாமல் கொடுத்துக்கொண்டே, அந்தக் கட்டடத்துக்குள் இருந்து ஊருக்குத் தீங்கு செய்வது மற்றொரு வகைக் குற்றம். முதல் வகைக்குச் சட்டமும் சமயநூல்களும் பெரும்பாலும் விடை கூறிவிட்டன. இரண்டாவது வகையிலோ, உடையவரின் கணக்கில் நல்லவராக இருப்பவரே ஊரின் கணக்கில் கெட்டவராக இருக்க, அவருடைய தீவினையில் இடம் கொடுத்தவருக்கும் பங்கு உண்டா என்ற கேள்வி எழுகிறது. வாலாஜாபேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் பாலாற்றங்கரைத் தோல் தொழில் வட்டாரத்தில் இக்கேள்வி ஏட்டோடு நிற்பதன்று.

வாலாஜாபேட்டை, ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்த வணிக ஊர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத்தான் ஓடியது. நெசவும் வணிகமும் நடந்த இவ்வூரைச் சுற்றி ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய இடங்களில் தோல் தொழில் வளர்ந்ததால், குடியிருக்கும் வீடு, தொழிலாளர் தங்கும் அறை, தோல் அடுக்கும் கிடங்கு, பேச்சுவழக்கில் ‘தோல் ஷாப்’ எனப்படும் பதனிடும் கூடம் என வாடகைப் பொருளும் பலவகைப்பட்டது. இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர், தமிழகக் கடற்கரை ஊர்களின் ஷாஃபி வழியினரைப் போலன்றி, ஹனஃபி சட்டநெறியைப் பின்பற்றுவோர். ஆர்க்காட்டை அடுத்த பஞ்சபாண்டவர் மலை, வள்ளிமலை, ஆம்பூர்ப் பக்கத்து ஆர்மாமலை ஆகியவை ஒரு காலத்தில் சமணம் இப்பகுதியில் ஊன்றியிருந்ததைக் காட்டுகின்றன. எடுத்துக்கொண்ட கேள்விக்கு மிகக் கூர்மையாக எதிரெதிர் விடை சொன்ன மரபுகளும் இவ்விரண்டே.

ஹனஃபி நூல்கள் வாடகை ஒப்பந்தத்தை இஜாரா என்கின்றன. பொருளையன்று, அதன் பயனை விற்பது என்பது இதன் கருத்து. வீடு குடியிருப்பவரின் கையில் அமானிதமாக, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளாக இருக்கிறது. ஆகவே மழையில் ஓடு சரிந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை; அத்துமீறலாலோ அசட்டையாலோ கெடுத்தால் மட்டுமே ஈடு செய்ய வேண்டும். நல்ல குடித்தனக்காரருக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் வேண்டியதில்லை.

இரண்டாவது வகைக் குற்றத்துக்கு வரும்போதுதான் அந்நெறிக்குள்ளேயே பிளவு தோன்றுகிறது. 767-இல் மறைந்த இமாம் அபூ ஹனீஃபாவிடம் வைக்கப்பட்ட வினா, மது விற்பதற்கென ஒருவர் வீட்டை வாடகைக்குக் கேட்டால் முஸ்லிம் உரிமையாளர் கொடுக்கலாமா என்பது. முஸ்லிமல்லாதோர் மிகுந்த கிராமப்புறத்தைக் கருதி, கொடுக்கலாம் என்றார் அவர். அவருடைய மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மது அஷ்ஷைபானியும் தீமைக்குத் துணைபோவதாகும் எனக் கூறி மறுத்தனர். மர்கீனானி 12-ஆம் நூற்றாண்டில் இயற்றி, ஹனஃபி மதரசாக்களில் இன்றும் பாடமாக உள்ள ‘ஹிதாயா’ இரு தரப்பையும் பதிவு செய்கிறது. இமாமின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று: வாடகை வீட்டின் பயனுக்கு உரியது, வீட்டை ஒப்படைத்ததுமே அது கடமையாகிவிடுகிறது, குடியேறியவர் அங்கே மது விற்காமல் சும்மா படுத்துறங்கினாலும் வாடகை குறையாது. பாவமோ தன் விருப்பப்படி செயல்படும் இன்னொரு மனிதரின் செயல். அந்தச் சுதந்திரமான விருப்பம் இடையில் வந்ததும் உடையவருக்கும் பாவத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடுகிறது.

சமணம் இத்தொடர்பு அறுவதை ஏற்பதில்லை. வினை, தான் செய்தல் (கிருதம்), பிறரைக் கொண்டு செய்வித்தல் (காரிதம்), பிறர் செய்வதற்கு உடன்படுதல் (அனுமதம்) என்னும் மூன்று வழிகளிலும் உயிரைப் பற்றும் என்பது அதன் கொள்கை. இல்லறத்தார் விலக்க வேண்டியவையாகச் சமண நூல்கள் கூறும் 15 தொழில்களில், தந்தம், எலும்பு, தோல் முதலிய விலங்குறுப்புகளின் வணிகம் இருப்பதில் வியப்பில்லை. வண்டியையும் மாட்டையும் கூலிக்கு விட்டுப் பிழைப்பதும் அப்பட்டியலில் இருப்பதே கவனிக்கத்தக்கது. மாட்டின் மீது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுபவர் கூலிக்கு எடுத்தவரேயாயினும், அந்தத் துன்பத்துக்கு வழிதிறந்த உடையவரின் பிழைப்பும் குற்றமாகக் கருதப்படுகிறது.

இவ்விரு விடைகளையும் ஒரு தோல் ஷாப்பில் வைத்துப் பார்க்கலாம். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வருகிறது. ஊறவைக்கும் தொட்டியில் அந்த உப்பில் பெரும்பகுதி கரைந்து நீரோடு வெளியேறுகிறது. அடுத்துச் சுண்ணாம்புத் தொட்டி. பிறகு, ஆவாரம் பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்ட குரோமிய உப்பு சுழலும் மர டிரம். கழிவுநீரில் கலந்த குரோமியத்தைப் பிரித்தெடுக்க முடிந்தாலும், கரைந்த உப்பை நீக்குவது கடினமும் பெருஞ்செலவும் ஆனதால், அது மண்ணுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதைக் குறிப்பிட்டு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. மாசுபடுத்தியவர் யார் என்பதற்குத் தீர்ப்பு காட்டிய விடை, தொழில் நடத்துபவர். கூடத்தைக் கட்டி வாடகைக்கு விட்டவரைப் பற்றிச் சமயச் சிந்தனைதான் கேட்க வேண்டியிருக்கிறது.

அபூ ஹனீஃபாவின் வாதம் சாவியை ஒப்படைக்கும் நாளுக்கு முற்றிலும் பொருந்துகிறது. அதற்குப் பிந்திய நாட்களுக்கு அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதே ஐயம். இதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. அதே ஹனஃபி நெறியில் சாய்ந்த சுவர் பற்றிய விதி இருக்கிறது. ஒருவருடைய சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருப்பதைச் சுட்டி, அதை இடிக்குமாறு எச்சரித்த பிறகும் அவர் இடிக்காமலிருந்து, அது விழுந்து சேதம் நேர்ந்தால் அவர் ஈடு செய்ய வேண்டும். அந்த எச்சரிக்கையை வீட்டில் குடியிருப்பவரிடம் கொடுத்தால் செல்லாது என்கின்றனர் அறிஞர்கள். ஏனெனில் சுவரை இடிக்கும் அதிகாரம் குடியிருப்பவருக்கு இல்லை, உடையவருக்கே உண்டு. அதாவது அறிதலும் தடுக்கும் ஆற்றலும் சேர்ந்த இடத்தில் பொறுப்பு பிறக்கிறது. சுவர் தானாக விழுவது, மது விற்பது மனிதரின் விருப்பச் செயல் என்ற வேறுபாட்டைச் சுட்டி இவ்வொப்புமையை மறுக்கலாம். ஆயினும் தொட்டியும் வடிகாலும் கட்டடத்தின் உறுப்புகள் என்பதால், தோல் ஷாப் மதுக்கடையைவிடச் சாய்ந்த சுவருக்கே நெருக்கமானது.

தடுக்கும் ஆற்றல் உடையவரிடம் உண்டு என்பதை நாட்டுச் சட்டமும் ஒப்புக்கொண்டிருந்தது. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் குடியிருப்பவருக்குப் பெரும் பாதுகாப்பு அளித்தபோதும், அண்டை அயலாருக்குத் தொல்லையாக நடந்துகொள்வதை வெளியேற்றத்துக்குரிய காரணங்களில் ஒன்றாக வைத்திருந்தது. மேலும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதித்ததால், 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதும் பழக்கம் தமிழகமெங்கும் வேரூன்றியது. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எல்லா ஒப்பந்தங்களையும் வாடகை அதிகாரியிடம் பதியச் சொன்ன பிறகும் அப்பழக்கம் போகவில்லை. செலவை மிச்சப்படுத்தத் தோன்றிய இவ்வழக்கத்துக்கு அறநெறி சார்ந்த ஒரு விளைவும் உண்டு. முதல் கையெழுத்தை அறியாமல் போட்டதாகச் சொல்லலாம். பதினோரு மாதம் கழித்து, வடிகால் எங்கே போகிறது என்று தெரிந்த பின், வாடகையைச் சற்றே உயர்த்திப் போடும் இரண்டாவது கையெழுத்தைச் சமணர் அனுமதம் என்றே எழுதுவர். அபூ ஹனீஃபாவின் துணையும் அங்கே மெலிந்துவிடுகிறது.

பணம் எந்த வடிவில் வருகிறது என்பதும் பொறுப்பின் அளவை மாற்றும். மாதத்துக்கு இவ்வளவு எனப் பேசியவரின் வாடகை தொழில் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒன்றே. தோலுக்கு இவ்வளவு எனப் பேசியவரின் வருவாயோ, தொட்டியில் இறங்கும் ஒவ்வொரு தோலோடும் கூடுகிறது. அவர் பயனை மட்டுமே விற்றேன் என்று சொல்ல இயலாது. போக்கியம் இன்னும் சிக்கலானது: மொத்தத் தொகையை உடையவரிடம் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்பப் பெறும் இம்முறையில், குடியிருப்பவர் உண்மையில் கடன் கொடுத்தவராகவும் வீட்டுக்காரர் கடனாளியாகவும் ஆகின்றனர். கடனால் கிடைக்கும் ஆதாயம் வட்டியே என்னும் விதியைக் காட்டிப் பல ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இதை மறுக்க, பெயருக்கு ஒரு சிறு வாடகையைச் சேர்த்து எழுதும் உத்தி பிறந்தது. ஊரில் அத்தகைய வீட்டுக்கு நடக்கும் வாடகையை நெருங்காத தொகை காகிதத்தை மட்டுமே திருத்துகிறது. இங்கு உடையவர் வேறொரு வகையிலும் கட்டுண்டவர். வாங்கிய தொகை செலவாகிவிட்ட நிலையில், கெட்ட குடித்தனக்காரரை வெளியேற்றும் உரிமை அவரிடம் ஏட்டளவிலேயே இருக்கும்.

வாடகை வீட்டு வாசலில் தொங்கும் ‘சைவம் மட்டும்’ என்ற பலகையும் ஒரு சமயக் கேள்வியாகவே தன்னைக் காட்டிக்கொள்கிறது. குடிவருபவரின் சட்டியில் வேகும் இறைச்சி வீட்டுக்குத் தீட்டு என்று கருதும் ஒருவர், ஊருக்கு வெளியே தமக்குள்ள மனையை உப்புத்தோல் அடுக்க விடுவாரானால், அவருடைய அச்சம் வினையைப் பற்றியதன்று, சாதியைப் பற்றியது. அபூ ஹனீஃபாவோ அவருடைய மாணவர்களோ குடியிருக்க வருபவரின் மதத்தைத் தடையாகக் கொள்ளவில்லை. அவர்கள் வாதிட்டது வீட்டில் நடக்கப்போகும் செயலைப் பற்றியே.

தோல் ஷாப்பை மூடிவிட்டுக் குடியிருந்தவர் போகும் நாளில் மின்கட்டண நிலுவையும் உடைந்த குழாயும் முன்பணத்தில் கழிக்கப்படுகின்றன. வேறு உடன்பாடு இல்லையேல் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது புதிய சட்டம். ராணிப்பேட்டையில் குரோமிய உப்பு தயாரித்த ஆலையொன்று மூடப்பட்ட பின் இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு பல ஆண்டுகள் குவிந்து கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததோடு ஒப்பிட்டால், ஒரு சிறு கூடத்தின் அடியில் ஊறியது சொற்பமே. எனினும் அதை அகற்றும் செலவு மூன்று மாத வாடகைக்குள் அடங்காது. அத்துமீறிக் கெடுத்ததாகக் கூறி, போனவரிடம் ஈடு கேட்கும் உரிமை அமானித விதிப்படி உடையவருக்கு உண்டு. அவரைத் தேடிப் பிடிக்க முடியாதபோது, பக்கத்துக் கொல்லையின் கிணற்றுக்காரர் வந்து முறையிட வேண்டியது பட்டாவில் பெயர் உள்ளவரிடமே.