கல்லூரி மாணவர் வினாவும் நம் கடமையும்

உயர்கல்வி பயிலும் இளைஞர் சமயப்பற்று ஒழிந்தனர் என்னும் முறையீடு நம் சபைகளில் ஓயாது கேட்கப்படுகின்றது. அக்குற்றத்தைக் கல்லூரிகளின்மேல் ஏற்றுதல் எளிது. யாமும் அவ்வாறே ஏற்றி வந்தோம். திருமுல்லைவாயிலில் நிகழ்ந்ததொன்று எம்மை நாணச் செய்தது.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட அத்தலம், ஒற்றியூர் எல்லை கடந்து கண்ணிழந்த நம்பியாரூரர், தம் துயரை இறைவன்பால் முறையிட்டுப் பாடிய இடம். மாசிலாமணியீசர் திருக்கோயிலில் அவ்வரலாற்றை யாம் விரித்துரைத்து முடித்தபொழுது, அயலிலுள்ள பொறியியற் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, உடம்பின் வேறாய் உயிர் உண்டென்பதற்குப் பிரமாணம் யாது?" என வினவினார். "சந்நிதியில் தர்க்கம் பேசற்க" என்று கடிந்தோம். அவர் வணங்கி அகன்றார், பின் வந்திலர். வன்றொண்டர் முறையீட்டை ஏற்ற பெருமான் திருமுன்பிலே, ஓர் இளைஞர் வினாவை யாம் ஏலாதொழிந்தோம்!

அவ்வினா நம் நூல்களுக்குப் புதிதோ? சிவஞானசித்தியார் பரபக்கம் உலகாயதன் கூற்றை முதற்கண் நிரம்பச் சொல்லிய பின்னரே மறுக்கின்றது. சுபக்கமோ அளவை இலக்கணத்தை முன்வைத்தே பொருளிற் புகுகின்றது. சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் அம்மாணவர் கேட்டதற்கே விடையாயுள்ளது. உடம்பு உயிரன்று, பொறி உயிரன்று என ஒவ்வொன்றாய் விலக்கி, 'இல்லை' என்று நிற்கும் அறிவு யாதோ அதுவே உயிர் என்பது அதன் முதலேது. ஐயுற்றவர் ஐயத்தையே அவர்க்குச் சான்றாய்க் காட்டியிருக்கலாம். அது நாவிலிருந்தும் சினம் முந்திற்று.

சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியார், பாலராகிய மெய்கண்டாரிடம் ஆணவத்தின் இயல்பு யாதென வினவியது தருக்கினாலன்றோ? மெய்கண்டார் அவரை வாய்திறவாது நோக்கியிருந்தனர். வினவியவரே முதன் மாணாக்கராயினர். அண்மைக்காலத்தும், ஆங்கிலக் கல்வியிற் பட்டம் பெற்று முன்சீபாயிருந்த ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்களே 1895 இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். அப்படிப்பு அவர்கள் பத்தியைக் குறைத்ததில்லை.

மடாலயங்களில் சித்தாந்த வகுப்புகள் நடைபெறுகின்றன, நன்றே. ஆயின் அவற்றில் மாணாக்கர் கேட்கும் பொழுதினும் ஆசிரியர் பேசும் பொழுதே மிகுதி. (இக்குற்றம் எமக்கும் உண்டு.)

சித்திரைச் சதயத்தையொட்டிச் சந்தனக்காப்புக் களையுங்கால் அத்தலத்தில் மீண்டும் பேசவிருக்கின்றோம். சொற்பொழிவை அரைநாழிகையிற் சுருக்கி, எஞ்சிய பொழுதை வினாவுக்கு விட்டுள்ளோம். அம்மாணவரை அறிந்தார் அவர்க்கு இதனைத் தெரிவிப்பாராக.