கிழவனா வந்தவன் கேட்டது

முருகனை நாம எப்பவும் குமரன்னுதான் கூப்பிடுறோம். ஆனா தினைப்புனத்துல வள்ளி முன்னாடி அவன் தள்ளாடுற கிழவனாவும் நின்னான். பசிக்குதுன்னான், தேனும் தினைமாவும் கொடுத்தா. தாகம்னான், சுனைக்குக் கூட்டிட்டுப் போனா. அவன் கேட்டதைத்தான் கொடுத்தா, பாருங்க.

மண்ணூர்பேட்டை பக்கம் நம்ம பசங்க கிருத்திகைக்கு முதியோர் இல்லத்துல அன்னதானம் போடுறது புண்ணியம்தான். ஆனா போட்டோ முடியுற வரைக்கும் தாத்தா தட்டோட காத்திருக்கணுமா? அவர் முகத்தை ஸ்டேட்டஸ்ல போட அவர் சம்மதம் வேண்டாமா?

2018 பிப்ரவரியில, காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்துல இருந்த ஒரு முதியோர் இல்லத்தோட வேன்ல ஒரு சடலம், காய்கறி மூட்டை, கூடவே உயிரோட ஒரு பாட்டி. அவங்க கத்தினதுலதான் விஷயம் வெளிய வந்துச்சு. அப்புறம்தான் அதிகாரிங்க உள்ள போனாங்க, இருந்தவங்களை வேற இல்லங்களுக்கு மாத்தினாங்க.

அதனால சாம்பார் வாளியை வச்சதும் கிளம்பிடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து தனியா கேளுங்க: வீட்டுக்குப் போன் பண்ண விடுறாங்களா, மாத்திரை நேரத்துக்கு வருதா, கோயிலுக்குப் போகணும்னா கேட்டைத் திறக்குறாங்களா? இல்லம் பதிவு பண்ணதான்னும் பாருங்க. தப்பு தெரிஞ்சா 14567, முதியோர் உதவி எண். கட்டணம் கிடையாது.

வீடு வேணும்னு சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாய் போறவங்களுக்கு ஒண்ணு. பார்த்துக்கணும்ங்கிற நிபந்தனையோட பெத்தவங்க எழுதிக்கொடுத்த வீட்டை, பார்த்துக்கலைன்னா 2007 சட்டம் 23-ஆம் பிரிவுப்படி கோட்டாட்சியர் தீர்ப்பாயம் ரத்து பண்ணலாம். இல்லத்துல இருக்குறவங்களும் மனு போடலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!