கொடையும் பறிப்பும்

சில மாதங்களுக்கு முன், திருவையாற்றில் மாலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது ஒருவர் தயங்கியபடி அருகே வந்தார். "சாமி, தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். என் எலும்பு மஜ்ஜை பொருந்துகிறதாம். அதிலுள்ள ஸ்டெம் செல்லைக் கேட்கிறார்கள். ஸ்டெம் செல் என்றாலே திருச்சபை தடுத்திருக்கிறது என்கிறார்கள் வீட்டில். கொடுத்தால் பாவமா?" என்றார்.

அரைகுறையாய்ச் சென்றடைந்த போதனை ஓர் உயிருக்கே குறுக்கே நிற்கும் என்பதை அன்று உணர்ந்தேன்.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறோம். தன்னைப் பெருக்கிக்கொள்ளவும் வேறுவகை அணுக்களாக மாறவும் வல்லது அது. மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களே நம் வாழ்நாளெல்லாம் இரத்தத்தை உண்டாக்குகின்றன. அவற்றை நோயுற்றவருக்கு மாற்றும் சிகிச்சை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடைபெறுகிறது. உடன்பிறந்தார் இருவருக்கிடையே முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. கொடுத்தவரின் உடல் தான் இழந்ததைச் சில வாரங்களில் ஈடுசெய்துவிடும். இதைத் திருச்சபை தடுக்கவில்லை.

தடுப்பது எதை? 1998-இல் அமெரிக்காவில் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தனர். சில நாள் வளர்ந்த கருவைச் சிதைத்தே அவை பெறப்பட்டன. 2008-இல் வெளியான 'திக்னித்தாஸ் பெர்சோனே' என்னும் திருச்சபை ஏடு, உயிருள்ள கருவை இவ்வாறு அழிப்பதைத் தவறென்கிறது. வளர்ந்தவர் உடலிலிருந்தும், பிறப்பின்போது தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தும் எடுப்பதை ஏற்கிறது.

துன்புறும் நோயாளியின் முன் கண்ணுக்குத் தெரியாத கருவுக்காக வாதிடுவது கல்நெஞ்சமன்றோ எனச் சிலர் கேட்கலாம். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. பஞ்சத்திலும் விதைநெல்லைக் குத்தாத உழவரை நம் காவிரிக் கரை அறியும். அவர் நாளைய விளைச்சலுக்காக அதைக் காத்தார். கருவையோ அதன் பொருட்டே காக்கவேண்டும், ஏனெனில் அதுவும் மனித உயிரே. மனமுவந்து தருபவரிடம் பெறுவது கொடை. மறுத்துப்பேச வாயில்லாத ஒன்றின் உயிரை எடுப்பது, எத்துணை நல்ல நோக்கத்துக்கானாலும், பறிப்பே.

அறிவியலுக்கும் வேறு வழி இல்லாமற் போகவில்லை. ஜப்பானிய அறிஞர் யமனாக்கா, 2006-இல் எலியின் தோல் அணுக்களையே கருவின் குருத்தணுக்களைப் போன்றவையாக மாற்றிக் காட்டினார். மறு ஆண்டே மனித அணுக்களிலும் அது கைகூடியது.

அன்று வந்தவரிடம், "தயங்காமல் கொடுங்கள், தம்பிக்கு நீங்கள் செய்யும் அன்புப் பணி அது" என்றேன். முகம் தெளிந்து சென்றார். என் மனந்தான் தெளியவில்லை. விலக்கப்பட்டதை உரக்கச் சொல்லும் நாம், அனுமதிக்கப்பட்டதைச் சொல்லாமல் விட்டால், அந்த மௌனத்துக்கும் இறைவன் முன் கணக்குக் கொடுக்க வேண்டாமா?