யாருடைய வினை?

இலங்கை மலையகத்தில் பெரகலச் சந்தியிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் தேயிலைத் தோட்டங்களில் எந்தத் துன்பத்துக்கும் முதலில் சொல்லப்படும் காரணம் தலையெழுத்துதான். அங்கே ஒரு பாடசாலையில் நான் சைவநெறியும் வரலாறும் படிப்பித்தேன். காலையில் வினைப்பயன் பாடம். மத்தியானம், அதே பிள்ளைகளுக்கு, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். இரண்டு புத்தகங்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவேயில்லை. எனக்கு மட்டும் அவை வருடக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

காரணம் என் அப்பாயி. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் சொல்வது: "போன சென்மத்துல என்னா பாவம் செஞ்சேனோ, இந்தச் சென்மத்துல நாடில்லாம நிக்கிறேன் புள்ள." இதே தோட்டத்து லயத்தின் வரிசை அறையொன்றில் பிறந்து, இங்கேயே வேலைக்குப் பேர் பதிந்து, இங்கேயே ஏழு பிள்ளைகள் பெற்றவர். அவர் சொன்னது தவறு என்றே நினைக்கிறேன். சைவத்தை விட்டுவிட்டு அல்ல, சைவத்துக்குள் நின்றே இதைச் சொல்கிறேன்.

வினை அவரவர் உயிரோடு ஒட்டியது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இனிமேல் சேர்ப்பது ஆகாமியம். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர்கள் அந்த ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். அத்தனை உயிர்களின் பழைய கணக்கும் ஒன்றுகூடி ஒரே வருடத்தில் முதிர்ந்தது என்று சொல்ல எந்தச் சித்தாந்தியும் தயங்குவார். அவர் தயங்காமல் சொன்னாலும் விஷயம் முடிந்துவிடாது. அடிபடுகிறவனுக்கு அது பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அடிக்கிறவனுக்கு அது ஆகாமியம். பட்டவரின் பழைய வினை செய்தவரின் புதிய வினையை ஒருபோதும் கழுவாது. எங்கள் ஊர்ப் பிரசங்கங்களில் முதற்பாதியை மட்டும் கேட்டுக் கேட்டு இரண்டாம் பாதியை நாங்கள் மறந்துபோனோம்.

அப்படியானால் செய்தவர் யார்? இங்கேதான் ஒரு சட்டமூலம் நடந்து போகும் பாதையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1948 ஆகஸ்டில் டி. எஸ். சேனாநாயக்க அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தது. முதலாம் மதிப்பீட்டில் விவாதம் இல்லை, சமர்ப்பித்தல் மட்டுமே. இரண்டாம் மதிப்பீட்டில்தான் கொள்கை விவாதிக்கப்படும். பிறகு குழுநிலையில் வாசகம் வாசகமாகப் பார்ப்பார்கள். பிறகு மூன்றாம் மதிப்பீடு, செனற் சபை, கடைசியாக மகாதேசாதிபதியின் சம்மதம். இலங்கையில் பிறந்தவராயினும் தகப்பனோ, தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்ற வாசகம் இத்தனை கதவுகளையும் தாண்டி வந்தது. பிறப்பைப் பதிந்து வைக்காத லயத்துச் சனத்திடம் அதற்கு என்ன அத்தாட்சி இருக்கும்? நவம்பர் 15ஆம் திகதி அது அமுலுக்கு வந்தது.

எழுதியவர் தன் வேலையை மட்டும் செய்தார், சமர்ப்பித்தவர் அமைச்சரவையின் முடிவைச் சமர்ப்பித்தார், வாக்களித்தவர் கட்சியோடு நின்றார், கையொப்பமிட்டவர் சபையின் விருப்பத்தை மதித்தார். இப்படி ஒவ்வொருவரும் ஒரு சிறு துண்டை மட்டும் தூக்கினால் வினை யார்மேலும் ஒட்டாது போலத் தெரிகிறது. பௌத்தம் இதற்கு நேரான பதில் சொல்கிறது. புத்தர் சேதனாவையே, அதாவது மனம் கொண்ட நோக்கத்தையே, கர்மம் என்றார். அந்தச் சபையில் பலர் பௌத்தர்கள். இந்தப் போதனை அவர்கள் சிறு வயதிலேயே கேட்டது. நோக்கத்தைப் பங்குபோட முடியாது. நூறு பேர் சேர்ந்து விரும்பினால் ஒவ்வொருவரிடமும் முழு விருப்பம்தான் இருக்கும்.

மறுத்து வாக்களிக்கவும் அந்தச் சபையில் ஆட்கள் இருந்தார்கள். 1947 தேர்தலில் வென்ற இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர், சௌ. தொண்டமானும் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களில் இருவர். என். எம். பெரேராவும் பீட்டர் கெனமனும் எதிர்த்தார்கள். லயத்தோடு எந்த இரத்த உறவும் இல்லாத சிங்கள, பறங்கிய இடதுசாரிகள். விதி நடத்தும் காரியத்தில் எதிர்வாக்கு இருக்காது. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். அந்த ஏழு பேரையும் நினைக்கும்போது எனக்கு இரண்டாவது அதிகாரமே ஞாபகத்துக்கு வரும்.

அவர்கள் தோற்றார்கள். எந்தச் சமூகத்துக்கும் பாதகமான சட்டம் கூடாது என்று அன்றைய அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு சொன்னது. அதை நம்பி வழக்குப் போட்டார்கள். 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் சட்டம் செல்லும் என்றது. இன்றைய அரசியலமைப்பிலோ, சபாநாயகர் சான்றுரை எழுதியபின் எந்த நீதிமன்றமும் ஒரு சட்டத்தைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. வர்த்தமானியில் சட்டமூலம் வெளிவந்து, ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி, உயர் நீதிமன்றம் போகக் கிடைக்கும் அந்தச் சில நாட்கள்தான் குடிமகனுடைய நேரம். கோயில் திருவிழாவுக்கு நாள் பார்க்கும் கவனத்தில் பாதியை எங்கள் சனம் அந்த நாட்களுக்குக் கொடுத்திருந்தால் என்று ஏங்கியிருக்கிறேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு அப்படித்தான் சத்தமில்லாமல் வந்தது. தோட்டத்து ரோட்டுக்கும் தண்ணீருக்கும் சபைப் பணத்தைச் செலவிட அது குறுக்கே நின்றது. திருத்தம் வர 2018 ஆனது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அப்போதும் விதி என்றார்கள். மழை விதியாக இருக்கலாம். ஆபத்து என்று முன்பே எச்சரிக்கப்பட்ட சரிவில், தமக்கென்று ஒரு துண்டு நிலமும் இல்லாமல், அந்தக் குடும்பங்கள் ஏன் குடியிருந்தன என்பதற்கு மழையில் பதில் இல்லை. அதற்கான பதில் சபைப் பதிவேடான ஹன்சாட்டில், பல வருடத்துப் பக்கங்களில், பெயர்களோடு இருக்கிறது.

2003 அக்டோபரில் அதே பாராளுமன்றம் ஏகமனதாக இன்னொரு சட்டமூலத்தை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கே வசித்தவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை. அப்பாயி அதற்கு முன்பே போய்விட்டார். 1948இல் வாக்களித்தவர் ஒருவரும் 2003இல் அங்கே இல்லை. செய்யாதவர் பிராயச்சித்தம் செய்ய முடியுமா என்று நான் வெகுநாள் யோசித்தேன். முடியும் என்பதே என் எண்ணம். தகப்பன் வாங்கிய கடனை மகன் அடைக்கிறான், ஊர் அதை ஏற்றுக்கொள்கிறது. சபையும் அப்படித் தலைமுறை தாண்டி நிற்பது.

ஆனால் கடன் கொடுத்தவர்களில் ஒரு பெரும் பகுதியினர் வேறு கரையில் இருக்கிறார்கள். அந்த 1964 அக்டோபர் 30தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்த நாள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்பாயியின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போய் மறுபடியும் தேயிலைதான் பறித்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் கூடலூரில் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர். அவர்களை நோக்கி எந்தச் சபையிலும் ஒரு பிரேரணை எழுந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.