மீனுக்கு எது அழுக்கு?

போகி வந்தால் போதும், நம் ஆட்களுக்கு ஒரு வேகம் வந்துவிடும். பரண் மேல் ஏறுவோம். பழைய பாய், உடைந்த முறம் எல்லாம் வாசலுக்கு வரும். தோட்டம் உள்ள வீடு என்றால், அந்த வேகம் கடைசியில் போய் நிற்கிற இடம் சிமென்ட் தொட்டி. அல்லிக்கொடியும் நாலைந்து தங்கமீன்களும் இருக்கிற தொட்டி. 'சே, எவ்வளவு பாசி!' என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம்.

மீன்களைப் பிடித்து வாளியில் போட்டாச்சு. மொத்தத் தண்ணீரையும் இறைத்தாச்சு. ப்ளீச்சிங் பவுடர் போட்டு, தேங்காய் நாரால் சுவரைத் தேய் தேய் என்று தேய்த்தாச்சு. குழாய்த் தண்ணீரை நிரப்பினால்... அடடா, அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம்! மீன்களை விட்டுவிட்டுப் பெருமையோடு சாப்பிடப் போவோம். சில நாளில் ஒவ்வொன்றாக வயிறு மேலே தெரிய மிதக்கும். 'கண் பட்டுடுச்சு' என்பார் பாட்டி. 'கடைக்காரன் ஏமாத்திட்டான்' என்பான் பையன்.

இரண்டும் இல்லைங்க. சுத்தம்தான் கொன்றது.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மிச்சம் கிடக்கிற தீனி அழுகினாலும் அம்மோனியாதான். மீனுக்கு அது விஷம். ஆனால் நிறமே கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் (அதுவும் விஷம்தான்), பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றித் தருகின்றன சில பாக்டீரியாக்கள். நைட்ரேட்டை அல்லியும் பாசியும் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் குடியிருக்கிற வீடு எது தெரியுமா? 'வழவழன்னு அசிங்கமா இருக்கு' என்று நாம் தேய்த்து எடுத்தோமே, சுவரிலும் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டியிருந்த படலம், அதுதான்! மறுபடி அது உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். போதாக்குறைக்கு, குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் செவுளைப் புண்ணாக்கும். பச்சையாகக் கலங்கியிருந்த தண்ணீரில் சௌக்கியமாக இருந்த மீன், கண்ணாடி மாதிரித் தண்ணீரில் செத்தது.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். தொட்டியைக் கழுவியது யாருக்காக? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். மீனுக்காகவா, பொங்கலுக்கு வருகிற விருந்தாளிக்காகவா?

'அன்போடுதானே சார் செய்தேன்' என்பீர்கள். அன்பு இருந்ததில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்காத அன்பை எந்தக் கணக்கில் எழுதுவது? வெளிநாட்டிலிருந்து மூன்று வாரம் லீவில் வரும் மகன், அப்பாவின் அறையை ஒழித்துச் சுத்தம் செய்கிறான். பழைய டைரிகள், நின்றுபோன கடிகாரம், நாலு கட்டு பேப்பர் எல்லாம் காலி. அறை பளிச்! அப்பா அன்றிலிருந்து வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவராவது, 'ஏண்டா எடுத்தே?' என்று ஒரு வார்த்தை கேட்க முடியும். மீனுக்கு அதுவும் கிடையாது.

ஆற்று மீனுக்கு ஒரு வசதி உண்டு. தண்ணீர் பிடிக்கவில்லையா, வேறு பக்கம் போய்விடும். தொட்டி மீனுக்கு அந்த வழியை அடைத்தது நாம்தான். வேளாவேளைக்குத் தீனி போட்டால் மட்டும் அந்தக் கடன் தீர்ந்துவிடுமா?

'அப்போ சும்மா விட்டுடலாமா?' அது இன்னும் மோசம். சோம்பலுக்கு 'இயற்கை' என்று பெயர் வைத்துக்கொள்ள நமக்கெல்லாம் ஆசைதான். அடியில் மக்குகிற இலைச் சேறு தண்ணீரின் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் இன்னும் கஷ்டம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் வேலை உண்டு, கொஞ்சம் கொஞ்சமாக. உதிர்ந்த இலையை வலையால் அள்ளுங்கள். சேற்றில் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். ஒரே நாளில் கால் பங்குத் தண்ணீருக்கு மேல் மாற்ற வேண்டாம். புதுத் தண்ணீரைத் திறந்த அண்டாவில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். ஃபில்டர் பஞ்சைத் தொட்டியின் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். எடுத்த சேறு வாழைக்கு. ஏரி வண்டலை வண்டி கட்டி வயலுக்குக் கொண்டுபோன நம் பெரியவர்கள் அதை அழுக்கு என்றா சொன்னார்கள்?

இதற்கும் அலுத்துக்கொண்டு, 'டேங்க் க்ளீனர்' மீன் ஒன்றை வாங்கி விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இனம். கடையில் விரல் நீளம். வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல். தொட்டி கொள்ளாதபோது, கொல்ல மனசு வராமல், 'பிழைச்சுப் போகட்டும்' என்று ஏரியில் விடுவோம். புண்ணியம் செய்த திருப்தி வேறு! சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இன்று அது பெருகிக் கிடக்கிறது. விலை போகாத அந்த மீனின் முள்ளில் வலை கிழிந்து, கரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பவர் யாரோ ஒரு மீனவர். நம் தொட்டி சுத்தமானதற்குக் கூலி அவர் தருகிறார்.

இந்த வாரம் தொட்டியில் கை வைக்கலாமா, வேண்டாமா என்று சந்தேகமா? விடிவதற்கு முன்னால் எழுந்து பக்கத்தில் போய் நில்லுங்கள். இரவெல்லாம் செடியும் பாசியும்கூடப் பிராணவாயுவை எடுத்துக்கொண்டிருக்கும். அது மிகக் குறைந்திருக்கிற நேரம் அதுதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். கீழே நிதானமாக நீந்திக்கொண்டிருந்தால், நாரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் காபி போடப் போகலாம்.